பத்து கத்தியா, ஒரு சரடா? கம்மி பட்ஜெட்ல மடக்குக் கத்தி சேர்க்கிறவங்களுக்கு

மடக்குக் கத்தி சேர்க்கணும்னு ஆசை, கைல காசு கம்மி, எதுல ஆரம்பிக்கலாம்னு யாராவது கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான். மூணு வருஷம் கழிச்சு உங்க பெட்டியத் திறந்து ஒருத்தருக்குக் காட்டும்போது என்ன சொல்லிக் காட்டப் போறீங்க? "இது ஆஃபர்ல வந்துச்சு, இதுவும் ஆஃபர்ல வந்துச்சு"ன்னு சொல்ற நிலைமை வந்துடக் கூடாது. எனக்கு வந்துச்சு. முதல் எட்டு மாசத்துல பதினோரு கத்தி வாங்கினேன், எல்லாம் மலிவான சீனக் கத்தி, எல்லாத்துக்கும் கறுப்புக் கைப்பிடி, எல்லாத்துலயும் திறந்த பிளேட நிப்பாட்டிப் பிடிக்கிற ஒரே மாதிரி லாக், வரிசையா அடுக்கிப் பாத்தா ஒரே கத்திய பதினோரு தடவ வாங்கின மாதிரி இருந்துச்சு. அதுல இப்போ என்கிட்ட இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் பார்சல் அட்டைப்பெட்டி கிழிக்கத்தான்.

அதனால எந்தக் கத்தின்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்தச் சரடுல கோக்கப் போறோம்னு யோசிச்சுக்கணும். சின்ன பட்ஜெட்டுக்கு ஒத்து வர்ற வழின்னு பாத்தா அஞ்சு இருக்கு. இன்னைக்கும் புதுசா தயாராகுற பழைய பேர் போன மாடல்கள்ல ஒவ்வொரு ரகத்துக்கும் ஒண்ணு வாங்குறது. ஒரே கம்பெனிய எடுத்துக்கிட்டு அதுலயே ஆழமா இறங்குறது. யாரோ பயன்படுத்திப் போட்ட பழைய கத்திகளத் தேடிப் பிடிக்கிறது. சீனாவுல தயாராகுற மாடர்ன் கத்திகள். கடைசியா, பல்லக் கடிச்சுக்கிட்டு காசு சேர்த்து ஒரே ஒரு உசத்தி கத்தி.

விலை இடத்துக்கு இடம் மாறும்ங்கிறதால ஒரு அளவுகோல் வச்சுக்கலாம். ஓபினெல் நம்பர் 8-னு மரக் கைப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி ஒண்ணு இருக்கு, அது உங்க ஊர்ல என்ன விலையோ அது ஒரு பங்கு. உங்ககிட்ட மொத்தம் பத்து பங்கு இருக்குன்னு வைங்க.

அந்தப் பத்துலயும் ஒண்ணரை பங்க முதல்லயே ஓரமா எடுத்து வச்சிடுங்க, அது சாணைக் கல்லுக்கும் எண்ணெய்க்கும். ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்குக் காசில்லாம நிக்கிற கதை இந்தப் பொழுதுபோக்குல ரொம்ப சகஜம், ஏழு கத்தி வச்சிருப்பாங்க, ஒண்ணுகூட பேப்பர அறுக்காது. ஒரு பக்கம் நடுத்தர சொரசொரப்பு, இன்னொரு பக்கம் நைஸா இருக்குற ஒரு கல்லு போதும், கூட ஒரு சின்ன பாட்டில் மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேணாம், நாளாக ஆக பிசுபிசுன்னு கோந்து மாதிரி ஆகி பிளேடு திரும்புற மூட்டுலயே உக்காந்துக்கும்.

சட்டத்தையும் பாத்துக்கோங்க, அது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்ல, எத வாங்கலாம்ங்கிறதையே மாத்திடும். உதாரணத்துக்கு பிரிட்டன்ல காரணம் இல்லாம வெளிய எடுத்துட்டுப் போகலாம்னு இருக்குற கத்திக்கு வெட்டு விளிம்பு 3 இன்ச்சுக்குள்ள இருக்கணும், மடங்கணும், லாக் ஆகக் கூடாது. வேற நாடுகள்ல நீளத்தப் பாப்பாங்க, சில இடத்துல ஒரு கையால திறக்க முடியுதான்னு பாப்பாங்க, பட்டனத் தட்டினா பாயுற கத்திக்கு நிறைய இடத்துல தடை. வீட்டுல வச்சுக்கிறதுக்கு ஒரு விதி, பையில எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு விதின்னும் இருக்கும். விமானத்துல கைப்பையில வச்சா செக்கிங்ல போச்சு, அவ்வளவுதான்.

இப்போ முதல் வழி. நான் யாருக்காவது ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா இதத்தான் சொல்வேன், ஆனா அதுக்குள்ள ஒரு திருத்தம்: கம்பெனி பேரப் பாத்து வாங்காம, திறந்த பிளேடு எப்படி நிக்குதுங்கிறத வச்சு வாங்கணும். மடக்குக் கத்தியோட மொத்தப் பிரச்சினையே அது ஒண்ணுதான், திறந்த பிளேடு விரல் மேல திரும்பி விழாம எது பிடிச்சுக்குது? அந்தக் கேள்விக்கு வெவ்வேற ஊர்க்காரங்க வெவ்வேற காலத்துல கண்டுபிடிச்ச பதில்கள ஒவ்வொண்ணா சேர்த்தா அஞ்சே கத்தியில நூறு வருஷத்துக்கு மேல ஓடுற ஒரு கதை கிடைச்சிடுது, அந்த அஞ்சுல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே இருக்காது.

ரொம்ப எளிமையான பதில் ஜப்பானோட ஹிகோனோகாமி. ஹியோகோ மாகாணத்துல மிக்கிங்கிற ஊர்ல 1890-கள்ல பொறந்தது. ஸ்பிரிங் கிடையாது, லாக் கிடையாது, ஒரு தகட்ட மடிச்சு கைப்பிடி, அதுக்குள்ள ஒரு பிளேடு, ஒரு ஆணி, முடிஞ்சுது. பிளேடோட பின்னாடி ஒரு சின்ன வால் நீட்டிக்கிட்டு இருக்கும், சிகிரின்னு சொல்வாங்க, திறந்ததும் அந்த வால் மேல உங்க கட்டைவிரல் உக்காந்துக்கும், கை விடாத வரைக்கும் பிளேடு மடங்காது. அதாவது லாக் நீங்கதான். ஒரு காலத்துல ஜப்பான் பள்ளிக்கூடப் பசங்க பையில பென்சில் சீவ இது இருந்துச்சு, 1960-கள்ல பிள்ளைங்க கைல கத்தி கூடாதுன்னு இயக்கம் வந்தப்புறம் செய்றவங்க ஒவ்வொருத்தரா குறைஞ்சு போனாங்க. பித்தளைக் கைப்பிடியோட வர்றத எடுத்தா கை பட்டுப் பட்டு ஒரே வருஷத்துல நிறம் மாறும், அதப் பாக்குறதே ஒரு சுகம். சாதா மாடல் ஒரு பங்குலேர்ந்து ரெண்டு பங்குக்குள்ள முடிஞ்சிடும்.

அடுத்தது ஓபினெல். பிரான்ஸ்ல சவுவா மலைப்பகுதியில ஜோசப் ஓபினெல் 1890-ல ஆரம்பிச்சார், 1897-ல 1-லேர்ந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு சைஸ் வந்துச்சு, இப்போ அதுல 1-உம் 11-உம் கிடையாது. நம்பர் 8-க்கு பிளேடு 8.5 சென்டிமீட்டர். மொத்தமே அஞ்சு பாகம்: பிளேடு, மரக் கைப்பிடி, ஆணி, அசையாத வளையம், திரும்புற வளையம். அந்தத் திரும்புற வளையம் 1955-ல மார்செல் ஓபினெல் சேர்த்தது, விரோப்ளாக்னு பேரு, திருகினா பிளேடோட பின்பக்கத்த அடைச்சு நிப்பாட்டிடும், இது நம்பர் 6-லேர்ந்து மேல இருக்குறதுலதான் இருக்கு. வாங்கும்போது ரெண்டு பிளேடு ரகம் இருக்கும், துருப்பிடிக்கிற கார்பன், துருப்பிடிக்காத இனாக்ஸ், சேகரிக்கிறவங்களுக்கு நான் கார்பன்தான் சொல்வேன், ஏன்னா அது உங்க கூடவே வயசாகும், ஒரு ஆப்பிள் நறுக்கினா போதும், பிளேடுல நீலமும் சாம்பலுமா மேகம் மாதிரி ஒரு படலம் கட்டும், அதத் தேய்ச்சு எடுக்காதீங்க, அதுவே துருவுக்குக் காவல். ஈரக் காத்துல மரம் ஊறிப் பெருத்துக்கிட்டு பிளேட இறுக்கிப் பிடிச்சுக்கும், நகம் உடையுற அளவுக்கு இழுத்தாலும் வராது. பயந்துடாதீங்க, கைப்பிடியோட பின்முனைய மேசை விளிம்புல லேசா தட்டினா பிளேடோட முதுகு கொஞ்சம் எட்டிப் பாக்கும், அப்புறம் சுலபமா இழுத்துக்கலாம், இதுக்கு சவுவாக்காரத் தட்டுன்னே பேரு வச்சிருக்காங்க.

மூணாவது பதில் ஸ்பிரிங். முதுகுப் பக்கம் ஒரு எஃகுப் பட்டை பிளேடோட அடிப்பாகத்த அழுத்திக்கிட்டே இருக்கும், அந்த அழுத்தத்துலதான் பிளேடு நிக்குது, ஓங்கி அழுத்தினா மடங்கிடும், அதனாலதான் லாக் கூடாதுங்கிற நாடுகள்லயும் இது பெரும்பாலும் தப்பிச்சுக்குது. இதுல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் 1884-ல இபாக்ல பட்டறை போட்டார், சுவிஸ் ராணுவத்துக்கான முதல் கத்திகள் ஜெர்மனியிலேர்ந்துதான் வந்துச்சு, உள்ளூர்ல அவ்வளவு செஞ்சு கொடுக்க ஆள் இல்ல, எல்செனர் தரப்பு 1891-லதான் சப்ளை பண்ண ஆரம்பிச்சாங்க. 1897-ல வந்த ஆபீசர் கத்தியில அவர் பண்ணின வேலைதான் எனக்குப் பிடிச்சது, முன்பக்கம் இருக்குற பிளேடுக்கும் பின்பக்கம் இருக்குற கருவிக்கும் ஒரே ஸ்பிரிங்க வேலை வாங்கினார், அதனாலதான் அத்தன கருவி அவ்வளவு ஒல்லியா அடங்குச்சு. அம்மா பேரு விக்டோரியா, துருப்பிடிக்காத எஃகுக்கு இனாக்ஸ், ரெண்டும் சேர்ந்து விக்டோரினாக்ஸ். சேகரிப்புக்குன்னா சிவப்பு பிளாஸ்டிக்க விட அலாக்ஸ் எடுங்க, கோடு கோடா வேலைப்பாடு போட்ட அலுமினியம், 93 மில்லிமீட்டர் பயனியர் மாடல் ரெண்டு பங்குக்கு மேல போகும், ஆனா திறக்கும்போதும் மூடும்போதும் அது போடுற 'டக்' சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டீங்கன்னா மத்த கத்திங்கள எடை போட உங்களுக்கு ஒரு காது வந்துடும். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இதுக்கு 'வாக் அண்ட் டாக்'னு சொல்வாங்க, நடையும் பேச்சும்.

நாலாவது, முதுகுல லாக். ஜெர்மனியோட மெர்கேட்டர் கே55கே இருக்கு, கறுப்புத் தகடு மடிச்ச கைப்பிடில ஒரு பூனை அச்சடிச்சிருக்கும், ரொம்ப ஒல்லி, சட்டைப் பையில இருக்குறதே தெரியாது. இன்னொரு பக்கம் அமெரிக்காவோட பக் 110, 1964-லேர்ந்து வருது, பித்தளையும் மரமுமா 200 கிராம் கனம், பெல்ட்டுல உறை போட்டு மாட்டத்தான் லாயக்கு. ரெண்டுமே அழகு, சின்ன பட்ஜெட்டுக்கு மெர்கேட்டர். அஞ்சாவது லைனர் லாக், உள்பக்கத் தகடு ஒண்ணு வளைஞ்சு வந்து பிளேடுக்கு அடியில முட்டுக் கொடுக்கும், 1980-களோட ஆரம்பத்துல மைக்கேல் வாக்கர்ங்கிற அமெரிக்கக் கத்திக் கலைஞர் இத இன்னைக்கு இருக்குற வடிவத்துக்குக் கொண்டு வந்தார். இது ஒண்ணு மட்டும் மலிவான சீனக் கத்தியா வாங்கினாலே போதும், ஒரு பங்கு.

கணக்குப் போட்டா ஹிகோனோகாமி ஒண்ணரை, ஓபினெல் ஒண்ணு, பயனியர் ரெண்டரை, மெர்கேட்டர் ரெண்டரை, லைனர் லாக் ஒண்ணு, எட்டரை பங்கு. கல்லும் எண்ணெயும் சேர்த்து பத்து. மாசம் ஒண்ணுன்னு வாங்கினா ஆறு மாச வேலை. அவசரப்பட்டு ஒரே நாள்ல எல்லாத்தையும் ஆர்டர் போடாதீங்க, ஒண்ண வாங்கி ஒரு மாசம் பையில வச்சுக்கிட்டு நடங்க, அப்போதான் அடுத்தது எதுக்குன்னு உங்களுக்கே புரியும்.

ரெண்டாவது வழி, ஒரே கம்பெனி. இதுல ஓபினெல் வரிசை ரொம்ப சாது, 2-லேர்ந்து 12 வரைக்கும் பத்து சைஸ், நம்பர் 2-க்கு பிளேடு 3.5 சென்டிமீட்டர், 12-க்கு 12 சென்டிமீட்டர், சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் நிக்க வச்சா குடும்ப போட்டோ மாதிரி இருக்கும், முடிவும் தெளிவா இருக்கு, பத்து வாங்கினா முடிஞ்சுது. சுவிஸ் கத்தி அப்படி இல்ல. 58 மில்லிமீட்டர், 84, 91, 93, 111னு நீளத்துக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்குள்ள கருவி மாத்தி மாத்தி ஏகப்பட்ட மாடல், போதாததுக்கு வருஷா வருஷம் லிமிடெட் எடிஷன்னு புது நிறம். ஆரம்பிச்சவங்களுக்கு 58 மில்லிமீட்டர் கிளாசிக் ஒரு பங்கு ரேஞ்சுல கிடைக்கிறதால ரொம்ப ஆசையா இருக்கும், ஒவ்வொரு கலருக்கும் ஒண்ணுன்னு இறங்குவாங்க, முப்பது வாங்கினப்புறம்தான் தெரியும் முப்பதும் ஒரே கத்தின்னு. கம்பெனி அடுத்து என்ன நிறம் விடுதோ அதுதான் உங்க சேகரிப்போட திசைன்னு ஆயிடுது, எனக்கு அதுல இஷ்டமில்ல. நிறம் பிடிக்கும், வரிசையா பாக்க ஆசைன்னா தாராளமா பண்ணுங்க, உங்க காசு, ஆனா அகலக்கால் வைக்காதீங்க.

அதே சுவிஸ் கத்தியில ஒரு கிளைப்பாதை இருக்கு, அது அருமை. 1961-லேர்ந்து 2008 வரைக்கும் சுவிஸ் வீரர்களுக்குக் கொடுத்த 93 மில்லிமீட்டர் அலுமினியக் கத்திகள்ல பிளேடோட அடியில எந்த வருஷம் செஞ்சதுன்னு ரெண்டு இலக்கத்துல அடிச்சிருக்கும், 78னா 1978. நீங்க பொறந்த வருஷம், கூடப் பொறந்தவங்க வருஷம், கல்யாண வருஷம்னு தேடிப் பிடிக்கலாம். இது ரெண்டாவது வழியையும் மூணாவது வழியையும் ஒண்ணா கோக்குது.

மூணாவது வழிதான் எனக்கு உயிர், ஆனா ஆரம்பிக்கிறவங்ககிட்ட கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். பழைய கத்தி. பழைய பொருள் விக்கிற இடங்கள்ல, யாரோ வீட்டு சாமான மொத்தமா விக்கும்போது, ஆன்லைன்ல 'பழைய கத்திகள், மொத்தம் ஆறு'ன்னு மங்கலான ஒரு போட்டோவோட. பங்குக் கணக்குல பாத்தா இதுக்கு மேல மலிவு கிடையாது, ஒரு பங்குக்கு மூணு கிடைக்கும். ஆனா கண்ணு பழகுற வரைக்கும் அந்த மூணுல ரெண்டு குப்பை.

நான் அப்படி வாங்கின ஒரு பார்சல்ல துருவுல முங்கின மூணு பிளேடு கத்தி ஒண்ணு இருந்துச்சு, ஒரு பிளேடுகூட அசையல. மூட்டுல மெல்லிசான எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வச்சேன், காலையில ஒண்ணு அசைஞ்சுது, சாயந்தரம் இன்னொண்ணு. பெரிய பிளேடோட அடியில, கைப்பிடிக்குள்ள போற இடத்துல, தட்டையா ஒரு சதுரம் இருக்கும்ல, அங்க பழைய டூத்பிரஷ்ல எண்ணெய் தொட்டுத் தேய்ச்சேன், அழுக்கு காப்பித்தூள் மாதிரி வந்துச்சு, துணியால துடைச்சேன், திரும்பத் தேய்ச்சேன். முதல்ல ஒரு வார்த்தையோட வால் மட்டும் தெரிஞ்சுது. டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சப்போ நிழல் விழுந்து எழுத்து எழும்பி நின்னுச்சு, சோலிங்கன், அதுக்குக் கீழ மேற்கு ஜெர்மனி. அந்த நாட்டுப் பேரே 1949-க்கும் 1990-க்கும் நடுவுலதான் இருந்துச்சு, அப்போ இந்தக் கத்தியும் அந்த நாப்பது வருஷத்துக்குள்ளதான். ஒரு டூத்பிரஷ் செலவுல கிடைச்ச சந்தோஷம் அது, புதுக் கத்தி டப்பாவப் பிரிக்கும்போது அது வராது.

அந்த முத்திரையத்தான் டாங் ஸ்டாம்ப்னு சொல்வாங்க, பழைய கத்திக்கு அதுதான் ஜாதகம். அமெரிக்காவுல 1890-ல வந்த சுங்கவரிச் சட்டத்துக்கு அப்புறம் 1891-லேர்ந்து அங்க இறக்குமதியாகுற சாமான்ல எந்த நாட்டுத் தயாரிப்புன்னு போட்டாகணும், அதனால நாட்டுப் பேரு இருந்தா பெரும்பாலும் அதுக்கு அப்புறம் வந்தது. சோலிங்கன்ங்கிற பேரு 1938-லேர்ந்து சட்டப் பாதுகாப்புல இருக்கு, அந்த வட்டாரத்துல செஞ்சதுக்குத்தான் போடலாம். கேஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட கத்திகள்ல 1970-லேர்ந்து ஒரு வேடிக்கை, முத்திரைக்குக் கீழ பத்து புள்ளி, வருஷத்துக்கு ஒரு புள்ளி குறையும், 1979-ல ஒரே ஒரு புள்ளி மிச்சம், 1980-ல திரும்ப பத்துலேர்ந்து. எண்ணத் தெரிஞ்சா வயசு தெரியும். ஷ்ரேடுன்னு ஒரு பழைய அமெரிக்கக் கம்பெனி, 2004-ல ஃபேக்டரிய மூடிட்டாங்க, பேரு மட்டும் கை மாறி இப்பவும் அந்தப் பேர்ல கத்தி வருது, அதனால பழைய ஷ்ரேடு தேடுறவங்க அமெரிக்காவுல செஞ்சதுங்கிற முத்திரை இருக்கான்னுதான் முதல்ல பாப்பாங்க.

பழசு வாங்கும்போது பாக்க வேண்டியது முத்திரைக்கு அப்புறம் பிளேடோட அகலம். அம்பது வருஷம் சாணை பிடிச்சுப் பிடிச்சு கழுதை தேஞ்சு கட்டெறும்பான பிளேடுங்க நிறைய சுத்திக்கிட்டு இருக்கு. அடிப்பாகத்துல அகலமா இருந்து உடனே திடீர்னு உள்வாங்கினா தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அதே கத்தியில பயன்படுத்தாத சின்ன பிளேடு முழுசா இருந்தா பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும். அப்புறம் பிளேட பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. மூடினா முனை கைப்பிடிக்குள்ள முழுசா புதையுதான்னு பாருங்க, வெளிய துருத்திக்கிட்டு இருந்தா பையில கை விடும்போது குத்தும். கைப்பிடில ஆணி இருக்குற இடத்துலேர்ந்து விரிசல் ஓடுதான்னு பாருங்க. ஸ்பிரிங் சோம்பேறியா இருந்தா, அதாவது பாதியில விட்டா பிளேடு அப்படியே தொங்கினா, வேணாம்.

இன்னொண்ணு, பளபளன்னு இருந்தா ஏமாறாதீங்க. மோட்டார் வச்சு பாலிஷ் போட்டுத்தான் நிறைய பேர் விக்கிறாங்க, முத்திரையோட ஓரமெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிப் போயிருக்கும், சேகரிக்கிறவங்க மத்தியில அதுக்கு மதிப்பு கம்மி. நீங்களும் அந்தத் தப்பப் பண்ணாதீங்க, செம்மண் நிறத்துல பொடிப்பொடியா உதிர்றது துரு, அத மட்டும் எண்ணெயும் ரொம்ப நைஸான ஸ்டீல் வுல்லும் வச்சு எடுங்க, சாம்பல் நிறத்துல வழவழன்னு இருக்குறத விட்டுடுங்க.

நாலாவது வழி, சீன மாடர்ன் கத்திகள். இதப் பத்தி நான் மேல கொஞ்சம் கடுமையா பேசிட்டேன், நியாயமா பாத்தா கத்தியில தப்பில்ல, வாங்கின விதத்துலதான் தப்பு. சான்ரென்மு, கான்சோ, சிவிவி மாதிரி பேருங்க ஒண்ணுலேர்ந்து மூணு பங்குக்குள்ள தர்ற வேலைப்பாடு நல்லாவே இருக்கு, பேரிங் போட்ட மூட்டு, ஒரு கையால திறக்கலாம், பை ஓரத்துல மாட்டிக்க கிளிப் இருக்கும். கட்டைவிரல் வச்சுத் திறக்க பிளேடுல போடுற வட்ட ஓட்டையும் கிளிப்பும் ஒண்ணா வந்தது 1981-ல ஸ்பைடர்கோங்கிற அமெரிக்கக் கம்பெனியோட ஒரு கத்தியிலதான், இன்னைக்கு எல்லாரும் அந்தக் கிளிப்பத்தான் மாட்டுறாங்க. எஃகுல 8சிஆர்13எம்ஓவின்னு போட்டிருந்தா சீக்கிரம் கூர் போகும், சீக்கிரம் தீட்டவும் வரும், புதுசா கல்லு பிடிச்சுப் பழகுறவங்களுக்கு அது வரம். டி2-ன்னு இன்னொரு எஃகு, அதுல நாள்பட கூர் நிக்கும், ஆனா தீட்ட பொறுமை வேணும், முழுசா துருப்பிடிக்காததும் இல்ல. தினமும் பயன்படுத்த ஒண்ணு போதும். சேகரிப்புன்னு பாத்தா மாசா மாசம் புது மாடல் வந்து பழச மறக்கடிச்சிட்டே இருக்கும், அந்த ஓட்டத்துல பத்து பங்கு சீக்கிரம் கரைஞ்சிடும்.

இதே சீனத் தயாரிப்புல ஒரு விதிவிலக்கு ரஃப் ரைடர். பழைய அமெரிக்க வடிவங்கள, பார்லோ, ஸ்டாக்மேன், டிராப்பர், கனூன்னு எல்லாத்தையும் மலிவா செஞ்சு விக்கிறாங்க, ஒரு பங்குக்கும் கம்மி. இது எதுக்கு உதவும்னா, எந்த வடிவம் உங்க கைக்குப் பிடிக்குதுன்னு கண்டுபிடிக்க. மூணு பிளேடு ஸ்டாக்மேன் பாக்க ஜோரா இருக்கும், ஒரு வாரம் பையில வச்சா தடிமனா உறுத்துதுன்னு தெரியும், ரெண்டு பிளேடு ஒல்லி வடிவம்தான் சரின்னு முடிவு பண்ணுவீங்க, அப்புறம் அதே வடிவத்துல பழைய கேஸோ ஷ்ரேடோ தேடினா காசு வீணாகாது. ஒத்திகைக்கு வாங்குறோம்னு நினைச்சு வாங்குங்க.

அஞ்சாவது வழி, பத்து பங்கையும் ஒரே கத்தியில போடுறது. கையால செஞ்சது, நல்ல எஃகு, ஒரு கலைஞரோட பேரு. எனக்கு இதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. அழகு அழகுதான், ஆனா நல்ல கத்தியில எதுக்குக் காசு கொடுக்குறோம்னு தெரிய முன்னாடி பத்து சாதாரணக் கத்தியாவது கைல திறந்து மூடியிருக்கணும். முதல் கத்தியே அதுன்னா பயத்துல டப்பாவ விட்டு வெளிய எடுக்க மாட்டீங்க.

எந்த வழியில போனாலும் போலிங்க குறுக்க வரும். லகியோல்னு தேனீ வச்ச அழகான பிரெஞ்சுக் கத்தி ஒண்ணு உண்டு, அந்தப் பேரு ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்ல, ஒரு வடிவத்தோட பேரு, ஒரு ஊரோட பேரு, ரொம்ப காலம் யார் வேணா போட்டுக்கலாம்னு இருந்துச்சு, அதனால அரை பங்குக்கும் லகியோல் இருக்கு, முப்பது பங்குக்கும் லகியோல் இருக்கு. யார் செஞ்சாங்க, எங்க செஞ்சாங்கன்னு தெரியாம வாங்காதீங்க. நானே ஒரு ஆன்லைன் ஆள்கிட்ட பேர் போன முத்திரை போட்ட கத்தி ஒண்ண பாதி விலைக்கு வாங்கி ஏமாந்திருக்கேன், வந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா முதுகுப்பக்கத்தத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தா ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் கோடு கோடா வருது. அசல்ல அந்த இடத்துல முடிகூட நுழையாது. அன்னையிலேர்ந்து போட்டோ கேக்கும்போது முதுகுப்பக்கம் ஒண்ணு, முத்திரை கிட்டக்க ஒண்ணுன்னு கேட்டு வாங்குறேன், தர மாட்டேன்னா நானும் விட்டுடறேன்.

வச்சுக்கிறதுக்கு ஆடம்பரப் பெட்டி வேணாம், ஆனா தோல் உறைக்குள்ள போட்டு மாசக்கணக்கா வைக்காதீங்க, தோல் பதப்படுத்துற உப்பும் அமிலமும் சேர்ந்து பிளேடுல புள்ளிபுள்ளியா அரிக்கும், பித்தளையில பச்சையா களிம்பு ஏறும். மெல்லிசா எண்ணெய் தடவி, துணியில சுத்தி, கூட சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டா போதும், ஷூ டப்பாவுல வர்றதே ஆகும். இதுல நான் பட்ட அடி ஒண்ணு சொல்றேன். தேன் நிறத்துல கண்ணாடி மாதிரி கைப்பிடி போட்ட ஒரு பழைய பேனாக்கத்தி, ஆசை ஆசையா மத்த கத்திங்களோட சேர்த்து மூடின டப்பாவுல வச்சிருந்தேன், ஒரு நாள் திறந்தா கற்பூரமும் புளிப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை, பக்கத்துல இருந்த நாலு கத்தியிலயும் துரு. அது செல்லுலாய்டு, பழசானா தானா சிதைஞ்சு அமில வாயு விடும், பக்கத்துல இருக்குற எஃக அரிச்சுடும். இப்போ அந்த ரகத்த எங்க பாத்தாலும் தனியா, காத்தோட்டமா, தீக்கு எட்டாத இடத்துலதான் வைக்கிறேன், அது சுலபமா பத்திக்கிற சாமானும்கூட.

அப்போ முடிவு? பொறுமை கம்மி, உடனே கைல ஏதாவது வேணும், பயன்படுத்தவும் வேணும்னா முதல் வழி, அஞ்சு பதில் அஞ்சு கத்தி. ஒழுங்கா வரிசை முடியணும், பாதியில நின்னா தூக்கம் வராதுன்னா ஓபினெல் பத்து சைஸ். ஞாயித்துக்கிழமை முழுக்க அழுக்குப் பெட்டிகளக் கிளறிட்டு ஒண்ணுமே வாங்காம வந்தாலும் மனசு கோணாதுன்னா பழசு, ஆனா அதுக்கும் முன்னாடி நல்ல ஸ்பிரிங் கத்தி புதுசா ஒண்ணு கைல இருக்கட்டும், இல்லன்னா எது சோம்பேறி ஸ்பிரிங்னு எத வச்சு அளப்பீங்க. மாடர்ன் கத்திக்கு ஒரு இடம் கொடுங்க, ரெண்டு வேணாம். உசத்தி கத்திய மூணு வருஷம் தள்ளிப் போடுங்க.

நான் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சா பயனியர முதல்ல வாங்கி அதோட சத்தத்துக்குக் காதப் பழக்கிட்டு, அப்புறம் ஓபினெல் கார்பன், அப்புறம் நேரா பழைய கத்திப் பெட்டிங்க பக்கம் போயிருப்பேன். கத்தி அடுக்குற என் தட்டுல இப்போ பத்தொன்பது இருக்கு, ஒவ்வொண்ணும் ஏன் இருக்குன்னு எனக்குத் தெரியும், ஒரு குழி மட்டும் காலியா விட்டு வச்சிருக்கேன். நான் பொறந்த வருஷம் அடிச்ச சுவிஸ் சிப்பாய் கத்திக்கு அது. அதுக்கு முந்தின வருஷம் அடிச்சது ரெண்டு தடவ கிடைச்சுது, பிந்தின வருஷம் அடிச்சது ஒரு தடவ கிடைச்சுது, மூணையும் வாங்கல.